மலேசியா, சுங்கை சிப்புட் டெரஸ் (வரிசை) வீடு: இருவருக்கும் ஒரே உடை அறை, கண்ணாடிக் கதவு சரிவருமா?

செம்பனைக்காடு:
வணக்கம். மூன்றாவது அறையை எனக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து வாக்-இன் உடை அறையாக மாற்றுகிறோம். 10 அடி நீளம், 8 அடி அகலம். ஒரு கோடியில் கதவு, மறு கோடியில் கிழக்குப் பார்த்த ஜன்னல். ஒரு நீளச் சுவருக்குப் பின்னால் குளியலறை, இன்னொன்றுக்குப் பின்னால் ஏர்கான் போட்ட படுக்கையறை. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு கேபினட் வைக்க ஆசை. சேலை ஐம்பது, அதில் பட்டு பதினைந்து. பஞ்சாபி சூட், வேட்டி, ஜிப்பா, தோட்ட வேலைச் சட்டைகளும் உண்டு. வாசலில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓடுவதால் செம்மண் தூசி தாங்காது, அதனால் திறந்த அலமாரி வேண்டாம். ஆழம் எவ்வளவு வைக்கலாம்? எந்தக் கண்ணாடி நல்லது? புழுக்க வாடை வராமல் இருக்க என்ன செய்வது?

உளிச்சத்தம்:
தங்கச்சி, கண்ணாடி கடைசி. முதலில் சுவர்.

குளியலறைச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்க. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்தால் சுவரே கசியுது. பைப்பையோ டைல் இடுக்கையோ சரி செய்யாமல் மரம் ஏற்றாதீங்க. தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அது காற்றிலுள்ள ஈரம்.

படுக்கையறைச் சுவர்தான் ஏமாத்தும். ராத்திரி ஏர்கான் 20-ல் ஓடினால் அந்தச் சுவரும் குளிரும். இந்தப் பக்கம் காற்று 28 டிகிரி, ஈரம் 80 சதவீதம் என்றால், ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். கேபினட் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தால் பூசணம் அங்கேதான் பிடிக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். அதனால் சுவருக்கும் முதுகுப் பலகைக்கும் 50 மிமீ இடைவெளி விடுங்க. அடியில் 100 மிமீ பிளாஸ்டிக் கால். மேலே கூரையோடு அடைக்காமல் ஒரு சாண் விட்டால் காற்று கீழே நுழைந்து மேலே போகும். கறையான் மண் ஏறினாலும் கண்ணில் படும். பழைய ரப்பர் தோட்ட நிலத்தில் எழும்பின தாமான் (குடியிருப்பு) என்றால் இது முக்கியம்.

ஆழம்: தொங்கவிடும் பக்கம் 600 மிமீ, மடித்து வைக்கும் பக்கம் 400. 8 அடி என்பது 2440 மிமீ. இரண்டு ஆழமும் இரண்டு இடைவெளியும் போக நடுவில் 1340 இருக்கும். கதவுப் பலகை ஒவ்வொன்றும் 450 அகலம். ஒன்றைத் திறந்தாலும் 890 மிச்சம், இன்னொருத்தர் தாண்டிப் போகலாம். இரண்டு பக்கமும் 600 வைத்தால் 1140தான். எதிரெதிரே இரண்டு கதவு திறந்தால் சண்டைதான் வரும்.

நீளத்தில் 900 மிமீ கட்டம் மூன்று. ஜன்னல் பக்கம் மிஞ்சுகிற ஒரு அடியைக் காலியாக விடுங்க. பெட்டிக்கு 18 மிமீ பிளைவுட். சிப்போர்டு மலிவுதான், ஆனால் ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பிக்கொள்ளும், அதற்கப்புறம் ஸ்க்ரூ பிடிக்காது.

ஜரிகை:
சேலைக்கு உயரமான கட்டம் வேண்டும் என்று பலர் இடத்தை வீணடிக்கிறார்கள். ஐந்தரை மீட்டர் சேலையை நீளவாக்கில் இரண்டு தடவை பாதியாக மடித்தால் 137 செமீ. அதை ஹேங்கரில் பாதியாகப் போட்டால் தொங்குவது 70 செமீக்குக் குறைவு. அகலத்தை மூன்றாக மடித்தால் 38 செமீ, ஹேங்கருக்குள் அடங்கும். ஆக ஒரே கட்டத்தில் மேலும் கீழும் இரண்டு கம்பி, அடிப்பலகையிலிருந்து 1000 மிமீயிலும் 2050 மிமீயிலும். பஞ்சாபி சூட்டுக்கும் நீள ஜிப்பாவுக்கும் மட்டும் 1500 மிமீ விட்டு ஒரு கட்டம்.

பட்டைத் தொங்கவிட வேண்டாம். ஜரிகைக் கனம் மடிப்பிலேயே இழுத்து நூலை அறுக்கும். வெள்ளை மல் துணியில் சுற்றிப் படுக்கவைத்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது. துணிப்பையில் கட்டி மேல்தட்டில் வைத்தால் போதும், அதன் ஆவி காற்றைவிடக் கனம், தானாகக் கீழே இறங்கும்.

இன்னொன்று: கிழக்கு ஜன்னல், கண்ணாடிக் கதவு, பட்டு மூன்றும் ஒத்துவராது. காலை வெயில் படுகிற மடிப்பு மட்டும் வெளுத்துக் கோடு விழும். பட்டு வைக்கும் கட்டத்துக்கு மரக்கதவே போடுங்கள். எல்லாம் கண்ணாடி என்றால் வேலைச் சட்டையும் அல்லவா கடைப்பொருள் மாதிரி தெரியும்!

வயர்மேன்:
லைட் பற்றி யாரும் சொல்லலை. எல்இடி லைட் பட்டையை மேல்தட்டில் ஒட்டினால் முதல் வரிசைத் துணிக்கு மட்டும்தான் வெளிச்சம். முன் ஓரத்தில் செங்குத்தாக, அலுமினியப் பள்ளத்தில், உள்பக்கம் 45 டிகிரி சாய்த்து வைங்க. 24 வோல்ட் எல்இடி எடுங்க, 12 வோல்ட்டில் நீளம் கூடினால் கடைசி முனை மங்கும். மீட்டருக்கு 9.6 வாட் என்றால் 6 மீட்டருக்கு 58 வாட், அதற்கு 75 வாட் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி). டிரைவரைத் துணிக்கு நடுவில் ஒளிக்காதீங்க. கேபினட் மேலே, காற்றுப் படுகிற இடத்தில், கை எட்டும்படி வைங்க.

ஈரம் இழுக்கும் மெஷினுக்கு ஒரு 13 ஆம்ப் பிளக் இப்போதே விட்டுவிடுங்க. ஈரத்தை 55 சதவீதத்துக்கு இறக்கினால், 28 டிகிரியில் நீர் கோக்கும் புள்ளி 18-க்குப் போய்விடும், ஏர்கான் சுவர்த் தொல்லை அதோடு சரி. தண்ணீர்க் குழாயைக் குளியலறைக்குள் துளைத்து விட்டால் தினம் வாளி தூக்க வேண்டாம். மெஷின் ஓடும்போது ஜன்னல் மூடியிருக்கணும்.

செம்பனைக்காடு:
நன்றி எல்லாருக்கும். உளிச்சத்தம் அண்ணே, அப்படியென்றால் கண்ணாடி எத்தனை மிமீ? இழுக்கும் கதவு போட்டால் நடுவில் இடம் மிச்சமாகாதா?

உளிச்சத்தம்:
இழுக்கும் கதவுக்கு இரண்டு தண்டவாளம் ஆழத்திலேயே கிட்டத்தட்ட 100 மிமீ தின்னும், ஹேங்கர் இடிக்கும். எந்நேரமும் பாதி கட்டம் மூடியே கிடக்கும். செம்மண் தூசிக்குக் கீழ்த் தண்டவாளம் அரைக்க ஆரம்பிக்கும். 1340 நடை இருக்கும்போது அது தேவையில்லை.

கண்ணாடி 5 மிமீ டெம்பர்ட் (சூடாக்கிச் சட்டென்று ஆறவைத்து வலுவாக்கினது), டீ கலர், ஒல்லி அலுமினியச் சட்டம். 450க்கு 2100 கதவில் கண்ணாடி மட்டுமே 12 கிலோ வரும், அதனால் ஒரு கதவுக்கு நாலு கீல். 20 மிமீ சட்டத்தில் சாதாரண 35 மிமீ குழிக்கீல் உட்காராது, அலுமினியச் சட்டத்துக்கென்றே உள்ள கீலைக் கேளுங்க.

டெம்பர் பண்ணின பிறகு வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. பெட்டியை நிறுத்தி, காலைத் திருகி மட்டம் பார்த்து, அப்புறம் ஒவ்வொரு கதவுக்கும் தனியாக அளந்து ஆர்டர் கொடுங்க. கதவுக்கும் கதவுக்கும் 3 மிமீ விடணும். மாட்டும்போது கீழே அட்டையோ பாயோ விரிங்க. டெம்பர்ட் கண்ணாடி நடுவில் குத்தினால் தாங்கும், மூலை டைல் தரையில் லேசாக இடித்தாலே மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும்.