‘வருந்துகிறோம்’ என்று தொடங்கும் மின்னஞ்சல்: ஆய்வு நிதிக்கு அலைந்தவர்களின் அனுபவங்கள்

உயிரியல், முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டு

போன வாரம் மூன்றாவது ‘வருந்துகிறோம்’ வந்தது. ஃபெல்லோஷிப் (ஆய்வு உதவித்தொகை) வாங்கியவர்களின் கதைகளுக்குப் பஞ்சமில்லை. படித்தால் எல்லோரும் ஒரே மூச்சில் எழுதி, முதல் தடவையிலேயே வாங்கிவிட்டது போல இருக்கிறது. எனக்கு அது வேண்டாம். எங்கே சறுக்கினீர்கள், எதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டீர்கள், அதைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

புரதங்கள் செல்லுக்குள் எப்படி மடிகின்றன என்பது என் வேலை. ‘நோய்’, ‘மருந்து’ என்று நாலு வரி இருந்தால்தான் எடுபடும் என்று யாரோ சொன்னதை நம்பி, எல்லா விண்ணப்பத்திலும் ஒரு பத்தி ஒட்டி வைத்திருந்தேன். அதை ஹியூமன் ஃபிரான்டியர் சயின்ஸ் புரோகிராமுக்கும் அப்படியே அனுப்பினேன். ஸ்ட்ராஸ்பூர்கில் 1989 முதல் இயங்கும் அமைப்பு அது. உயிரியலின் அடிப்படைக் கேள்விகளுக்குத்தான் பணம். சிகிச்சை தேடுவது, நோயறியும் முறை கண்டுபிடிப்பது எல்லாம் அவர்கள் எல்லைக்கு வெளியே. இதை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை, வழிகாட்டிக் குறிப்பிலேயே இருக்கிறது. முனைவர் பட்ட வேலையிலிருந்து தெளிவாக விலகி வேறு திசையில் போகிற திட்டம் வேண்டும் என்றும் அதே குறிப்பில் இருக்கிறது. நான் அனுப்பியதோ என் ஆய்வேட்டின் ஆறாவது அத்தியாயம் மாதிரி ஒன்று. ஒரே விண்ணப்பத்தில் இரண்டு ஓட்டை. படித்துப் பார்க்காமல் அனுப்பியதற்கு யாரைக் குறை சொல்ல?

சரி, இனி நீங்கள்.

இயற்பியல், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்)

என் கதை நாள்கணக்குக் கதை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு ஒரு நகர்வு விதி உண்டு. எந்த நாட்டில் போய் வேலை செய்யப் போகிறீர்களோ, அந்த நாட்டில் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. எனக்கு இந்த விதி தெரியும். தெரிந்தும் சறுக்கினேன். அந்த நாட்டில் ஒரு ஆய்வகத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருந்தேன். ஒப்பந்தம் 10 மாதம், அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டுரை எழுதிக்கொண்டு அதே ஊரில் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தது மறந்தே போய்விட்டது. விதி ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை, வசித்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறது. விடுமுறை மாதிரி சின்னப் பயணங்களைக் கணக்கில் எடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் அறை வாடகைக்கு எடுத்து மூன்று மாதம் இருந்ததை விடுமுறை என்று எந்த முகத்தோடு சொல்வது?

கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து ஓர் அட்டவணை போட்டேன். 13 மாதம். அன்று இரவு தூங்கவில்லை.

என்னை ஏற்றுக்கொண்டிருந்த பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அரை நாளில் ஒரு வழி சொன்னார். பக்கத்து நாட்டில் அவரோடு சேர்ந்து வேலை செய்யும் குழு ஒன்று இருந்தது. விண்ணப்பம் அந்தக் குழுவின் பெயரில் போகட்டும். ஃபெல்லோஷிப் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வேறு இடத்தில் போய் வேலை செய்ய அனுமதி உண்டு, அந்தப் பங்கை என்னிடம் வந்து செய் என்றார். திட்டத்தின் இயற்பியல் மாறவில்லை. முகவரியும் கால அட்டவணையும்தான் மாறின. அந்த இரண்டு வாரம் நான் எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

முதல் தடவை கிடைக்கவில்லை, மறு தடவை கிடைத்தது. 2024 சுற்றில் 10,360 பேர் விண்ணப்பித்து 1,696 பேருக்குக் கொடுத்தார்கள். ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கடைசி நேரம் மாலை 5 மணி என்றால் அது பிரஸ்ஸல்ஸ் நேரம். உங்கள் சுவர்க் கடிகாரம் காட்டும் 5 மணி இல்லை. என் நண்பர் ஒருவர் இதில் ஓர் ஆண்டை இழந்தார்.

நரம்பியல், போஸ்ட்டாக்

மேலே உள்ளவர் நாட்களை எண்ணினார், நான் மதிப்பெண்ணைத் தப்பாக எண்ணினேன்.

அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்துக்கு (என்ஐஎச் என்றுதான் எல்லோரும் சொல்வோம்) முதல் முறை ஃபெல்லோஷிப் விண்ணப்பம் அனுப்பினேன். முடிவு வந்தது: 24. நூற்றுக்கு 24 என்று நினைத்து இரண்டு மணி நேரம் யாரிடமும் பேசவில்லை. மாலையில் என் கைடு வந்து, "ஏன் முகம் இப்படி இருக்கிறது, இது நல்ல மதிப்பெண் அல்லவா?" என்றார். அங்கே மதிப்பீட்டாளர்கள் 1 முதல் 9 வரை போடுவார்கள், 1தான் உயர்ந்தது. குழுவின் சராசரியைப் பத்தால் பெருக்கிச் சொல்வார்கள். ஆக 10 என்பது உச்சம், 90 என்பது பாதாளம். இதைப் படிக்காமல் விண்ணப்பித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மானுடவியல், முனைவர் பட்ட மாணவி

நீங்கள் எல்லாம் லட்சங்களில் பேசுகிறீர்கள். எங்கள் துறையில் களப்பணிக்குப் போக்குவரத்துச் செலவு கிடைத்தாலே கொண்டாட்டம்தான்.

மானுடவியல்காரர்களுக்கு வென்னர்-கிரென் அறக்கட்டளையைத் தெரியாமல் இருக்காது. 1941இல் தொடங்கியது. எந்த நாட்டு மாணவரும் ஆய்வேட்டுக் களப்பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் உலகம் முழுவதிலுமிருந்து போட்டி. நான் அங்கே போவதற்கு முன் சின்னச் சின்ன நிதிகளாகப் பிடித்தேன்: துறையின் பயணப்படி, ஒரு சங்கத்தின் மாநாட்டு உதவி, நூலகம் ஒன்றின் ஆவணக் காப்பக உதவித்தொகை. சிறியது என்று யாரும் சீண்டாத நிதிக்குப் போட்டியும் குறைவு. அதைவிட முக்கியமாக, ‘இந்த ஆளை நம்பி ஏற்கெனவே ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார்’ என்று தன்விவரத்தில் ஒரு வரி சேர்கிறது. பெரிய இடத்தில் அந்த வரியைப் பார்க்கிறார்கள்.

சறுக்கலா? இரண்டு.

ஒன்று, மாநாட்டுப் பயண நிதி. கிடைத்தது என்று துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, முதலில் நாம் செலவு செய்ய வேண்டும், ரசீது கொடுத்தால் பின்னால் தருவார்கள். விமானச் சீட்டு, தங்கும் அறை, பதிவுக் கட்டணம் எல்லாம் தோழியிடம் கடன். பணம் திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போதெல்லாம் விண்ணப்பிக்கும் முன்பே ‘முன்பணம் உண்டா’ என்று எழுதிக் கேட்டுவிடுகிறேன். கேட்டால் சில இடங்களில் தருகிறார்கள்.

இரண்டு, பரிந்துரைக் கடிதம். என் பங்கு எல்லாம் நாலு நாள் முன்பே போய்விட்டது. கடிதம் தர வேண்டியவர் பயணத்தில் இருந்தார், கடைசி நாள் கடந்து போனது. கடிதம் வராத விண்ணப்பம் முழுமையடையாத விண்ணப்பம், யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர்மேல் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அவரிடம் கேட்ட மின்னஞ்சலை மறுபடி எடுத்துப் பார்த்தேன்: "ஐயா, ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும், இணைப்பு வரும்." தேதிகூடச் சொல்லவில்லை! அடுத்த தடவை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எந்த நிதி, அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், அவர் வகுப்பில் நான் செய்த வேலை எது, கடைசி நாள் எது, அதற்கு ஒரு வாரம் முன்பு நினைவூட்டுவேன் என்பது. கடிதம் மூன்றே நாளில் போய்விட்டது.

பேராசிரியர், வேதியியல்

நான் மேசையின் அந்தப் பக்கம் ஐந்து ஆண்டு உட்கார்ந்தவன். எந்த நிதியின் தேர்வுக் குழு என்று கேட்க வேண்டாம்.

உள்ளே நடப்பது நீங்கள் நினைப்பது மாதிரி இல்லை. ஒரு விண்ணப்பத்தை முழுசாகப் படிக்கிறவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர். அறையில் இருக்கும் மற்றவர்கள் புரட்டிப் பார்த்திருப்பார்கள், சிலர் அதுவும் இல்லை. முழுதும் படித்தவர் சில நிமிடங்களில் மற்றவர்களுக்கு உங்கள் திட்டத்தைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் உங்கள் வக்கீல். அவர் கையில் நீங்கள் என்ன கொடுத்திருக்கிறீர்கள்? முதல் பக்கத்தில் கேள்வி என்ன, இதுவரை ஏன் விடை கிடைக்கவில்லை, இப்போது ஏன் கிடைக்கும் என்று மூன்று வரி தெளிவாக இருந்தால் அவர் அதையே வாசித்துவிடுவார். இல்லையென்றால் சொந்த வார்த்தையில் தடுமாறுவார். அவர் தடுமாறினால் திட்டமே தடுமாறுவதாக மற்றவர்களுக்குத் தோன்றும். நல்ல திட்டங்கள் இப்படி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு துறைக்காரர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள் என்று சொல்வது மரியாதைக்காக இல்லை, அறையில் பாதிப்பேர் இன்னொரு துறைக்காரர்கள்தான்.

மூன்று குறிக்கோள் எழுதுவீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் முதலாவதின் முடிவை நம்பியே இருந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: முதலாவது பலிக்காவிட்டால்? அதற்கு விண்ணப்பத்தில் பதில் இல்லாவிட்டால் அங்கேயே முடிந்தது. நான் கேட்டிருக்கிறேன், என்னுடைய விண்ணப்பத்திலும் என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

மேலே உள்ள பத்து விழுக்காட்டையும் அடியில் கிடப்பதையும் பிரிப்பது எளிது. நடுவில், நிதி உண்டு, இல்லை என்று பிரிக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவற்றைப் பிரிக்க மனிதர்களால் முடியாது என்பதே என் எண்ணம். இதை ஒப்புக்கொண்டு சீட்டுக் குலுக்கியே எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நியூஸிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013இல் எக்ஸ்ப்ளோரர் நிதிக்கு அப்படித் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியம் சமநிலையில் நிற்கும் விண்ணப்பங்களுக்குக் குலுக்கலைப் பயன்படுத்துகிறது. கேவலம் என்று என் சகாக்கள் சிலர் சொல்வார்கள். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

அந்தக் கோட்டின் இரு பக்கமும் என்ன ஆகிறது என்று பார்த்த இரண்டு ஆய்வுகள் உண்டு. 2018இல் நெதர்லாந்தின் இளம் ஆய்வாளர் நிதியை வைத்துச் செய்தது ஒன்று: மயிரிழையில் வென்றவர்கள், மயிரிழையில் தோற்றவர்களைவிட அடுத்த 8 ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல் நிதி பெற்றார்கள். தோற்றவர்கள் பிற்பாடு விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். 2019இல் என்ஐஎச் விண்ணப்பங்களை வைத்து இன்னொன்று: மயிரிழையில் தோற்று, ஆனாலும் துறையில் நின்றவர்கள் பிற்காலத்தில் வென்றவர்களைவிட அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளை எழுதினார்கள். முதல் பதிவு போட்ட தம்பிக்காகவோ தங்கைக்காகவோ இதைச் சொல்கிறேன்.

முன்னாள் ஆய்வாளர், தாவரவியல்

பேராசிரியர் ஐயா, நீங்கள் சொன்ன இரண்டாவது ஆய்வில் ‘துறையில் நின்றவர்கள்’ என்ற சொல்லை நான் பிடித்துக்கொள்கிறேன். அதே ஆய்வு, ஒரு மயிரிழைத் தோல்விக்குப் பிறகு அந்த நிதி அமைப்பின் பட்டியலிலிருந்தே காணாமல் போகிற வாய்ப்பு பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது என்றும் சொல்கிறது. நான் காணாமல் போனவர்களில் ஒருத்தி. ஏழு விண்ணப்பம், ஏழும் இல்லை. இடைப்பட்ட 14 மாதம் சம்பளம் இல்லை. அதே காலத்தில் குழந்தை பிறந்தது. முனைவர் பட்டம் வாங்கி இத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று பல நிதிகளில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. மகப்பேறுக்கு அந்தக் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு, ஐரோப்பிய ஆய்வு மன்றத்திலும் உண்டு. எனக்கு அது தெரிந்தபோது நான் ஏற்கெனவே இரண்டு நிதிகளை ‘வயது கடந்துவிட்டது’ என்று தாண்டி வந்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது விதை நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன், வேலை பிடித்திருக்கிறது. திரும்பத் திரும்ப முயன்றால் கிடைக்கும் என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாம் நிரந்தர வேலையில் இருந்தவர்கள். அதையும் கணக்கில் சேருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பொருளியல், உதவிப் பேராசிரியர்

கிடைத்த பிறகும் சறுக்கலாம் என்று ஒரு வரி. ஃபுல்பிரைட் ஃபெல்லோஷிப்பில் அமெரிக்கா போய்ப் படித்தேன். 1946இல் தொடங்கிய திட்டம், எனக்கு வாழ்க்கையையே கொடுத்தது, அதில் குறை இல்லை. ஆனால் அந்த விசாவோடு, முடித்தபின் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வருகிறது. இருக்காமல் பொதுவாக அங்கே வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ வாங்க முடியாது. கையெழுத்துப் போட்டபோது படித்தேன். நாலு ஆண்டு கழித்து அங்கேயே ஒரு வேலை கிடைத்தபோதுதான் புரிந்தது.

உயிரியல், முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டு

எல்லோருக்கும் நன்றி. தாவரவியல் அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இரண்டு ஃபெல்லோஷிப்புகளின் விதிமுறையைத் திறந்து கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்று பார்த்தேன். ஒன்றில் பட்டம் கையில் வாங்கும் நாளிலிருந்து, இன்னொன்றில் வாய்மொழித் தேர்வு நாளிலிருந்து. இரண்டுக்கும் இடையே எனக்கு ஐந்து மாதம் வித்தியாசம் வரும்.

பேராசிரியர் சொன்னபடி, என் திட்டத்தின் முதல் பக்கத்தில் கேள்வி எங்கே என்று தேடினேன். நாலாம் பக்கத்தில் கிடைத்தது, அடைப்புக்குறிக்குள். மருந்துப் பத்தியை வெட்டிவிட்டு அதை மேலே தூக்கிக்கொண்டிருக்கிறேன். இங்கே வேறு துறைக்காரர் யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பக்கம் படித்துப் பார்க்க முடியுமா?