உயரக் குடிலில் முதல் இரவு: உதவியா, உபத்திரவமா?

பாறைமனிதன்:
"உச்சிக்கு ஒரே மூச்சில் போய்த் திரும்பிவிடலாம், நடுவில் மலைக்குடிலில் தங்குவது வெட்டிவேலை" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. 3,500 மீட்டரில் ஒரு ராத்திரி படுத்தால் கால் ஆறும், உடம்பும் உயரத்துக்குப் பழகும், விடியுமுன் பனி இறுகிக் கிடக்கும்போதே கிளம்பலாம். ஃபூஜி மலையில் (3,776 மீட்டர்) ராத்திரியோடு ராத்திரியாகத் தூங்காமல் ஏறுகிறவர்களால் தொல்லை மிகுந்துபோய், 2024 முதல் யோஷிதா என்ற ஏறுபாதையின் வாசலைப் பிற்பகலிலேயே மூடுகிறார்கள். மூடிய பிறகு குடிலில் இடம் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் வழி. சும்மாவா செய்தார்கள்?

சரிவுக்காரி:
கால் ஆறும், ஒத்துக்கொள்கிறேன். "உடம்பு பழகும்" என்பதுதான் இடிக்கிறது. ஒரு ராத்திரியில் அது நடக்காது. பழகாத உயரத்தில் வரும் மலைநோயின் தலைவலியும் குமட்டலும் போய்ச் சேர்ந்தவுடன் வருவதில்லை, பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வரும். மதியம் குடில் வாசலில் படம் பிடித்துக்கொண்டு சிரித்தவர் நள்ளிரவில் வாந்தி எடுக்க இடம் தேடுவார். அதே உயரத்தைத் தொட்டுவிட்டுச் சாயங்காலத்துக்குள் இறங்கியிருந்தால் அவர் தப்பித்திருக்கலாம்.

ஆல்ப்ஸ் மலையில் நான்கு குடில்களில் தங்கினவர்களைச் சோதித்து 1990-ல் ஓர் ஆய்வு வந்தது. 2,850 மீட்டரில் மலைநோய் கண்டவர்கள் 9 சதவீதம். 3,650-ல் 34. 4,500-க்கும் மேலே இருக்கும் மார்கெரீட்டா குடிலில் 53. உங்கள் 3,500 இதில் எந்தப் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

பாறைமனிதன்:
மார்கெரீட்டா 1893-லிருந்து இருக்கிறது, ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 34 பேருக்கு வந்தால் மீதி 66 பேர் நன்றாகத்தானே தூங்கியிருப்பார்கள்?

குறட்டைவேந்தன்:
நன்றாகத் தூங்கினார்களா! சார், நீங்கள் எங்கே படுத்தீர்கள் என்று தெரியவில்லை. நான் படுத்தது வரிசையாக ஒட்டி ஒட்டிப் படுக்கும் பலகை மேடை. பக்கத்திலிருந்தவர் நாலைந்து முறை வேகவேகமாக மூச்சிழுப்பார், அப்புறம் சத்தமே இருக்காது. எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு... பன்னிரண்டு. எழுப்பலாமா என்று கையை நீட்டும்போது ஒரு பெருமூச்சோடு திரும்ப ஆரம்பிப்பார். விடிய விடிய இதே கூத்து. காலையில் அவர் என்னிடம், "உங்களுக்கு மூச்சு நின்று நின்று வந்தது, நான் பயந்தே போனேன்" என்கிறார்!

அந்த உயரத்தில் உடம்பு தண்ணீரை வேறு வெளியே தள்ளும். மூன்று முறை இறங்கினேன். வாசலில் பொதுச் செருப்புக் குவியல், இருட்டில் மாட்டிக்கொண்டது இரண்டுமே இடது கால்.

சரிவுக்காரி:
சிரித்துவிட்டேன். ஆனால் அந்த மூச்சு நின்று வருவது ஆரோக்கியமானவருக்கும் வரும். மேலே காற்றில் ஆக்சிஜன் பங்கு அதே 21 சதவீதம்தான், அழுத்தம்தான் குறைவு. 3,500 மீட்டரில் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதை ஈடுகட்ட வேகமாக மூச்சு வாங்குகிறோம், ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது, தூக்கத்தில் மூளை மூச்சைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறது. ஆக்சிஜன் இறங்கியதும் திரும்ப ஆரம்பம். மலைநோயை அளக்கும் லேக் லூயிஸ் மதிப்பெண் முறையை 2018-ல் திருத்தியபோது தூக்கமின்மையை அதிலிருந்து எடுத்தே விட்டார்கள். ஆகவே தூக்கம் வரவில்லை என்று பயப்பட வேண்டாம், தலைவலியைக் கவனியுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் அங்கே கூடாது, மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

பனித்துளி77:
அப்போ நான் என்னதான் செய்வது? மூன்று நாள்தான் லீவு. கேபிள் காரில் 3,000 வரை போய், அன்றைக்கே 3,600 மீட்டர் குடிலுக்கு நடக்கலாம் என்றிருந்தேன்.

பாறைமனிதன்:
கேபிள் கார் என்றால் நானே வேண்டாம் என்பேன். நான் சொன்னது அடிவாரத்திலிருந்து நடந்து ஏறுகிறவர்களுக்கு.

சரிவுக்காரி:
இப்போது நழுவுகிறீர்கள். எதில் போனாலும் முதல் நாளே 3,600-ல் படுப்பது ஒன்றுதான். 3,000-க்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பனித்துளி, முதல் ராத்திரி 2,500 பக்கம், அடுத்தது 3,000. 3,600-ஐப் பகலில் தொட்டுவிட்டு இறங்குங்கள். மலைநோயைத் தடுக்கக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று கிளம்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று பார்க்கக்கூடாது.

பாறைமனிதன்:
பனிப்பிளவுகளுக்கு நடுவே, இருட்டில், தள்ளாடுகிற ஆளையா இறக்குவீர்கள்? சொல்வது சுலபம்.

சரிவுக்காரி:
சுலபமில்லைதான். அப்படி இருட்டில் இறங்க முடியாத குடிலை முதல் ராத்திரிக்கு ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

பாறைமனிதன்:
கீழே வேறு குடில் இல்லாத மலைகளும் உண்டு. அங்கே என்ன செய்வீர்கள்? கூடாரம் சுமப்பீர்களா?

சரிவுக்காரி:
சுமப்பேன்.

பனித்துளி77:
கீழ்க்குடிலில் இடம் இருக்கிறதாம், மாற்றிவிட்டேன். உச்சி அடுத்த லீவுக்கு. காதடைப்பான் எத்தனை ஜோடி எடுக்க?

குறட்டைவேந்தன்:
இரண்டு. ஒன்று உங்களுக்கு, ஒன்று பக்கத்தில் படுக்கிறவருக்கு. உங்கள் சத்தம் உங்களுக்குத் தெரியாது.