ஹாசல்பிளாட் 80: பழைய வெள்ளி சி லென்ஸா, கறுப்பு சிஎஃப்-ஆ?

சதுரப்பித்தன்:
ஹாசல்பிளாட் 500சி/எம் கேமராவின் பாடியும் 120 ஃபிலிம் மாட்டும் மேகசினும் கைக்கு வந்துவிட்டன, லென்ஸ்தான் பாக்கி. கார்ல் சைஸ் நிறுவனத்தின் 80 எம்எம் பிளானர் லென்ஸ் இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று அறுபதுகளின் வெள்ளி நிற சி லென்ஸ், டி-ஸ்டார் என்ற பல அடுக்குப் பூச்சு இல்லாதது, ஒற்றைப் பூச்சுதான். மற்றது எண்பதுகளின் கறுப்பு சிஎஃப், விலை ஏறக்குறைய இரட்டிப்பு. எடுக்கப்போவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் ஆள் படங்கள், கொஞ்சம் தெரு. கூடுதல் பணத்துக்கு அப்படி என்னதான் கிடைக்கும்?

இருட்டறைவாசி:
வெள்ளியை வாங்குங்கள், மிச்சக் காசுக்கு ஃபிலிம் வாங்கிப் போடுங்கள். ஒற்றைப் பூச்சு என்றதும் ஏதோ பூச்சே இல்லாத லென்ஸ் மாதிரி பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். சைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா லென்ஸ் பூச்சைக் கண்டுபிடித்தது 1935-இல், 500சி வந்ததே 1957-இல்தான். ஹூட் மாட்டிக்கொண்டு, சூரியனை நேரே பார்க்காமல் எடுத்தால், பிரிண்ட் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்து எது எந்த லென்ஸ் என்று யாராலும் சொல்ல முடியாது. முகங்களுக்கு வெள்ளி ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். நிழல் பகுதி அடைத்துக்கொண்டு கரியாகாமல் மெதுவாக இறங்கும்.

ஸ்லைடுகாரன்:
அண்ணே, அந்த "மெதுவாக இறங்கும்" என்பதற்குப் பெயர் ஃபிளேர். லென்ஸுக்குள் சிதறிய வெளிச்சம் படம் முழுக்கப் பரவி நிழலையும் வெளுக்க வைக்கிறது, அதைப் போய் குணம் என்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள்: இந்த 80-இல் 5 குழுக்களாக 7 கண்ணாடிகள், அதாவது காற்றைத் தொடும் பரப்புகள் 10. பூச்சில்லாக் கண்ணாடியில் பரப்புக்கு 4 சதவீதம் வெளிச்சம் திரும்பிப்போகும். ஒற்றைப் பூச்சில் அது ஒன்றரை என்று வையுங்கள், பத்துப் பரப்புக்குச் சேர்த்தால் 14 சதவீதம். பல அடுக்குப் பூச்சில் பரப்புக்கு அரைச் சதவீதம் என்றாலும் மொத்தம் ஐந்துக்குள் முடிந்துவிடும். திரும்பிய வெளிச்சம் எல்லாம் ஃபிலிமில் விழாதுதான், ஆனால் அதில் ஒரு பங்கு விழுந்தே தீரும். ஜன்னலோரம் ஆளை உட்காரவைத்து எடுங்கள், ஹூட் போட்டும் தெரியும், ஏனென்றால் ஜன்னல் ஃபிரேமுக்கு உள்ளேயே இருக்கிறது. ஹூட் வெளியே இருந்து வரும் வெளிச்சத்தைத்தானே தடுக்கும்!

இருட்டறைவாசி:
ஜன்னல் உதாரணம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வெளுப்பு, அதனால் குப்பை" என்பது ஸ்லைடு போடுகிறவர் பேச்சு. நெகட்டிவில் ஒரு அளவு வெளிச்சம் விழுந்தால்தான் எதுவுமே பதியும், அதற்குக் கீழே வெற்று ஃபிலிம்தான். பரவலாக விழும் கொஞ்சம் வெளிச்சம் ஆழமான நிழலை அந்த வாசலுக்கு மேலே தள்ளிவிடுகிறது. படம் எடுக்கும் முன்பே ஃபிலிமுக்கு லேசாக வெளிச்சம் காட்டி வைப்பது பழைய ஆட்கள் வேண்டுமென்றே செய்த வேலை, இந்த லென்ஸ் அதை இலவசமாகச் செய்கிறது. குறைந்த கான்ட்ராஸ்ட்டை டெவலப் நேரத்திலோ ஒரு கிரேடு கூட்டிய பேப்பரிலோ சரிக்கட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் நிலவு. 1969-இல் அப்போலோ 11 தரையில் எடுத்த கலர் படங்கள் 60 எம்எம் எஃப்5.6 பயோகான் லென்ஸ் மாட்டிய ஹாசல்பிளாடில் எடுத்தவை. டி-ஸ்டார் அப்போது வரவே இல்லை. காற்று மண்டலமே இல்லாத இடத்து வெயிலில், ஸ்லைடு ஃபிலிமில்! அதில் எங்கே வெளுத்திருக்கிறது?

ஸ்லைடுகாரன்:
நிலவைக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும் :) பயோகான் வேறு சாதி. ஏறக்குறைய சமச்சீர் அமைப்பு, பின் கண்ணாடி ஃபிலிமை ஒட்டி உட்காரும். உள்ளே கண்ணாடி ஏறி இறங்கும் எஸ்எல்ஆரில் அது நுழையவே நுழையாது. அதை வைத்து 80 பிளானருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. டிஸ்டகான் 50 என்ற அகலக் கோண லென்ஸுக்கோ சுத்தமாகப் பொருந்தாது. அகலக் கோண லென்ஸில்தான் பழசு புதுசு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சி டிஸ்டகானில் கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் ஓரம் கரைந்துபோகும். பின்னால் வந்த மிதக்கும் கண்ணாடி வைத்த சிஎஃப் எஃப்எல்இ-யில் அது சரியாகிவிட்டது.

ஸ்க்ரூடிரைவர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், ஆனால் அந்த எஃப்எல்இ-யில் முன்பக்கம் தனி வளையம் ஒன்று உண்டு, தூரத்துக்கு ஏற்ப அதைக் கையால் திருப்பி வைக்கவேண்டும். பாதிப் பேர் திருப்ப மறந்துவிட்டு "ஓரம் சரியில்லை" என்று லென்ஸைத் திட்டுவார்கள்.

கேட்டவர் கேள்வி 80 பற்றியது. இரண்டு பேரும் கண்ணாடியைப் பற்றியே பேசுகிறீர்கள். கறுப்பு சி டி-ஸ்டாரிலும் சிஎஃப்-இலும் கண்ணாடி அமைப்பு ஒன்றுதான். 1982-இல் சிஎஃப் வந்தபோது மாறியது ஷட்டரும் உடம்பும்: சி-யில் சிங்க்ரோ-காம்ப்பூர், சிஎஃப்-இல் புரோண்டார். ஷட்டர் லென்ஸுக்கு உள்ளேதான் இருக்கிறது என்பதால் இந்தக் கேமராவில் லென்ஸ் வாங்குவதென்றால் பாதி ஷட்டர் வாங்குவதுதான். காம்ப்பூருக்குப் புது உதிரிபாகம் யாரும் செய்வதில்லை. மெயின் ஸ்பிரிங் ஒடிந்தால் இன்னொரு செத்த லென்ஸிலிருந்து கழற்றிப் போடவேண்டும். புரோண்டாருக்கு நிலைமை கொஞ்சம் தேவலை.

சதுரப்பித்தன், வெள்ளிதான் என்றால் இப்படிப் பாருங்கள்: 1 வினாடியில் வைத்துத் தட்டுங்கள். உள்ளே பல்சக்கரம் "கிர்ர்ர்" என்று ஒரே சீராக ஓடி முடியவேண்டும். நடுவில் தயங்கினாலோ இழுத்தாலோ எண்ணெய் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். 1/500 சரியாக ஓடுகிறதே என்று ஏமாறாதீர்கள், மெதுவான வேகங்களில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டில் வி, எக்ஸ், எம் என்று ஒரு நெம்புகோல் இருக்கும், எக்ஸில் விடுங்கள். வி என்பது செல்ஃப் டைமர், பழைய லென்ஸில் அதைப் போட்டால் பாதியில் நின்றுபோகும் அபாயம் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்துப் பூஞ்சை நூல் ஏதாவது ஓடியிருந்தால் தொடவே வேண்டாம், நம் கடற்கரை ஊர் ஈரத்தில் அது வளரத்தான் செய்யும்.

சதுரப்பித்தன்:
இதெல்லாம் தெரியாமல் நேரே காசைக் கொடுத்திருப்பேன். கையாள்வதில் எது வசதி?

ஸ்லைடுகாரன்:
சந்தேகமே வேண்டாம், சிஎஃப். சி-யில் ஷட்டர் வளையமும் அப்பெர்ச்சரும் பிணைந்தே சுற்றும், ஒன்றை மட்டும் மாற்றச் சின்ன நாக்கு ஒன்றை அழுத்திப் பிடிக்கவேண்டும். தெருவில் இது கழுத்தறுப்பு. சிஎஃப்-இல் இரண்டும் தனித்தனி, பிணைப்பு வேண்டுமென்றால் பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். ஃபோகஸ் வளையத்தில் ரப்பர் பிடியும் உண்டு, வெள்ளியில் ஓரம் விரலை அறுக்கும். ஃபில்டர் மாட்டும் அளவும் சி 80-க்கு பி50, சிஎஃப்-க்கு பி60. பின்னால் 50, 150 என்று வாங்கினாலும் சிஎஃப் வரிசையில் அதே பி60 ஓடும்.

இருட்டறைவாசி:
பிணைப்பு எனக்குப் பிடிக்கும். மீட்டர் சொன்ன இவி (வெளிச்ச அளவு) எண்ணை வைத்துவிட்டு ஒரே திருப்பில் 1/125 எஃப்8-இலிருந்து 1/250 எஃப்5.6-க்குப் போகலாம், வெளிச்சம் மாறாது. அதோடு அப்பெர்ச்சரைத் திருப்பத் திருப்ப தூர அளவுகோலின் மேல் இரண்டு சிவப்பு முள் தானாக விரியும், எதுவரை ஃபோகஸ் நிற்கும் என்று குனிந்து பார்த்தால் போதும். சிஎஃப்-இல் அதை எடுத்துவிட்டு வெறும் கோடு போட்டார்கள். அதை முன்னேற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஸ்லைடுகாரன்:
முள்ளுக்காக லென்ஸ் வாங்குகிற ஆள் நீங்கள் ஒருவர்தான் அண்ணே.

சதுரப்பித்தன்:
விற்பவரிடம் 1 வினாடி சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன், வந்துவிட்டது. கிர்ர் என்று ஆரம்பித்து முடியும் இடத்தில் லேசாக இழுக்கிறது. மற்றபடி கண்ணாடி சுத்தம் என்கிறார்.

ஸ்க்ரூடிரைவர்:
அப்படியானால் அது சர்வீஸுக்கு ஏங்கும் லென்ஸ். கழற்றிக் கழுவி எண்ணெய் போட என்ன செலவாகும் என்று உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள், அதை விலையில் கழித்துப் பேசுங்கள். கழிக்க மறுத்தால் விட்டுவிடுங்கள், வெள்ளி 80 அபூர்வப் பொருள் ஒன்றும் இல்லை, அடுத்த மாதம் இன்னொன்று வரும்.

இருட்டறைவாசி:
கழித்தாலும் கழிக்காவிட்டாலும் சிஎஃப் விலையில் பாதிதான், அதை மறக்காதீர்கள். நாற்பது வருஷத்து சிஎஃப் மட்டும் சர்வீஸ் கேட்காதா என்ன?

ஸ்லைடுகாரன்:
கேட்கும். ஆனால் செய்துகொடுக்க ஆள் இருப்பார்.