மறுமொழி: ஓசிடாக்ஸ் – எலும்புண்ணியா, என்புவேர்ப்புழுவா?

ஐயா, வணக்கம்.

இறந்த விலங்குகளின் எலும்பில் வளரும் ஓசிடாக்ஸ் (Osedax) என்ற கடற்புழுவுக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் தந்த 'எலும்புண்ணி' வாயில் எளிதாக வருகிறது. ஆனாலும் இரண்டு நாளாக மனம் ஒப்பவில்லை. உண்ணி என்றதும் மாட்டின் காதுமடலில் ரத்தம் குடித்து உப்பிக் கிடப்பதுதான் நம் மக்களுக்கு நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், உண்ணுவதற்கு இந்தப் புழுவுக்கு வாயே கிடையாது. குடலும் இல்லை.

2002இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், 2,891 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஒரு சாம்பல் திமிங்கிலத்தின் எலும்புகளில்தான் இதை முதலில் கண்டார்கள். வெளியே தெரிவது செக்கச்சிவந்த இறகுக்கொத்து மட்டும். அடிப்பகுதி எலும்புக்குள் இறங்கிப் பச்சை நிறத்தில் கிளை கிளையாகப் பிரிகிறது. அந்தக் கிளைகள் அமிலம் சுரந்து எலும்பைக் கரைக்கின்றன. அவற்றுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் துணையில் புழு பிழைக்கிறது. ஆய்வாளர்களும் அவற்றை வேர் என்றே சொல்கிறார்கள்.

2004இல் சூட்டிய இலத்தீன் பெயருக்கு 'எலும்பை விழுங்குவது' என்று பொருள். நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் மரம் மண்ணில் சத்தெடுக்கிறது என்கிறோம், மண்ணைத் தின்கிறது என்பதில்லையே. ஆகவே என் பரிந்துரை 'என்புவேர்ப்புழு'. என்பு என்பது எலும்புக்கான பழஞ்சொல்தான், ஆனால் குறள் படித்தவர்களுக்குப் புதிதல்ல. 'என்பிலது' என்று வள்ளுவர் சொன்னதே புழுவைத்தான். என்பில்லாத உயிர் என்பில் வேர்விடுகிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

'திமிங்கிலப்புழு' வேண்டாம். கடலுக்குள் இறக்கிவைத்த மாட்டெலும்பிலும் இது வளர்ந்திருக்கிறது. 'என்புவேரி' என்று சுருக்கலாம் என்றால், வேரிக்குக் கள், தேன் என்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது. அறிவியல் பெயர் வரும் இடத்தில் ஓசிடாக்ஸ் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் இன்னொன்று. கண்ணில் படும் புழுக்கள் பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலான இனங்களில் ஆண்கள் இளவுயிரி (லார்வா) அளவைத் தாண்டாமல், பெண்ணின் உடலைச் சூழ்ந்த குழாய்க்குள்ளேயே கும்பலாக வாழ்கின்றன. நம் கலைச்சொல் பட்டியலில் அவற்றுக்குக் 'குள்ள ஆண்' என்று இருக்கிறது. மனிதரைக் கேலி பேசும் சொல்லாகக் காதில் விழுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. சிற்றினம், சிற்றிலை போலச் 'சிற்றாண்' என்று வைக்கலாமா? நீங்களும் மற்ற நண்பர்களும் சொல்லுங்கள்.