கடைசிக் காட்சிக்கு இசை ஒட்டவே மாட்டேன் என்கிறது

கேள்வி:
9 நிமிடக் குறும்படம், எடிட்டிங்கில் இருக்கிறது. கடைசிக் காட்சி 2 நிமிடம் 10 விநாடி. அம்மா இறந்தபின் மகள் வீட்டைக் காலி செய்கிறாள், நடுவில் தம்பியோடு போனில் நாலு வரி பேச்சு. எடுத்துவைத்த பியானோ இசையோ 3 நிமிடம் 40 விநாடி. தனியாகக் கேட்டால் கண் கலங்குகிறது, காட்சியில் போட்டால் மிகையாகத் தெரிகிறது, பேச்சும் அமுங்கிவிடுகிறது. வெட்டவா, வேறு இசை தேடவா?

பதில் 1:
தேடுவதற்கு முன் இசையே இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் மனம் அசைகிற இடம் எதுவோ அதற்குப் பிறகுதான் இசை வர வேண்டும். முதல் ஷாட்டிலேயே சோக பியானோ தொடங்கினால், அவள் அலமாரியைத் திறப்பதற்குள் பார்ப்பவரை அழச் சொல்லியாகிவிட்டது, அப்புறம் அந்தப் பெண் எவ்வளவு நன்றாக நடித்தாலும் மிகையாகத்தான் படும். போன் பேச்சு முடியும்வரை அறையின் சத்தம் மட்டும் போதும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. வெட்டும்போது முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கடைசி சுரம் எந்த ஷாட்டில் விழ வேண்டும் என்று பார்த்து அங்கே பொருத்திவிட்டு, நடுவில் திரும்ப வரும் பகுதிகளை எடுங்கள். பாதியில் சத்தத்தை மெல்ல இறக்கி ஃபேட் அவுட் செய்தால் இசை முடிந்த மாதிரியே இருக்காது. வேகம் 60 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 60 தட்டு என்றால், விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு தட்டுக்கு 24 ஃபிரேம், நாலு தட்டுச் சுற்று 4 விநாடி. சுற்றின் முதல் தட்டுக்குச் சற்று முன்னால் வெட்டி, ஒரு துண்டு அடங்க அடங்க அடுத்தது எழும்படி இரண்டு மூன்று ஃபிரேம் கிராஸ்ஃபேட் கொடுங்கள். பியானோவில் முந்தைய சுரத்தின் அதிர்வு சட்டென்று அறுந்தால் காது உடனே பிடித்துவிடும், அதனால் பழைய துண்டின் வாலை இன்னொரு டிராக்கில் கொஞ்சம் நீள விடுங்கள்.

எங்காவது பேச்சின் மேல் இசை வந்தே தீர வேண்டுமென்றால், மொத்த வால்யூமையும் இறக்காமல் ஈக்யூவில் (ஒலியின் அதிர்வெண்களைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள், சொற்கள் தெளிவாவது அந்தப் பகுதியில்தான்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். போனை வைத்தபின் 50 விநாடி மட்டும் இசை. அதே காட்சிதானா என்றிருக்கிறது, மிக்க நன்றி! இசைக்கு சிசி பிஒய்-என்டி உரிமம் (படைப்பைப் பிறர் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்று). பெயர் போட்டால் போதும்தானே?

பதில் 3:
போதாது. என்டி என்றால் மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. இசையைக் காட்சியோடு இணைப்பதையே அந்த உரிமம் மாற்றியமைத்தலாகத்தான் கணக்கில் எடுக்கிறது, நீங்கள் ஒரு இடத்திலும் வெட்டாவிட்டாலும்கூட. இசையமைத்தவருக்கே எழுதி, எந்தப் படம், எங்கெல்லாம் வெளியிடப் போகிறீர்கள் என்று சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விழாவுக்கு அனுப்பும் முன்பே!

கேட்டவர்:
சரி, இன்றே எழுதுகிறேன். அந்தக் காட்சியையும் சேர்த்து அனுப்புகிறேன், எங்கே வெட்டியிருக்கிறேன் என்று அவரும் பார்க்கட்டும்.