லண்டனில் புதிய சட்டத்தரணிக்கு 150,000 பவுண் சம்பளமா?

கிளிநொச்சி வாசகர் (கேள்வி):
என் அக்காவின் மகள் இலங்கை சட்டக் கல்லூரியில் படித்து, அண்மையில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து சட்டத்தரணியானார். இப்போது கிளிநொச்சியில் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் கனிஷ்டராக இருக்கிறார். வருமானம் என்று சொல்லத்தக்கது இன்னும் எதுவுமில்லை. லண்டனில் புதிதாகத் தகுதி பெறும் சட்டத்தரணிக்கு ஆண்டுக்கு 150,000 பவுண் கொடுக்கிறார்கள் என்று அங்குள்ள உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, வயற்காணியை ஈடு வைத்தாவது பிள்ளையை அனுப்ப வேண்டுமென்று அக்கா பிடிவாதமாக நிற்கிறார். அந்தத் தொகை உண்மையா, இலங்கைத் தகுதியோடு போகிறவருக்கும் அது கிடைக்குமா என்பதை விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

லண்டனிலிருந்து, வவுனியாவைச் சேர்ந்தவர்:
தொகை உண்மைதான். லிங்க்லேட்டர்ஸ், கிளிஃபர்ட் சான்ஸ் போன்ற மிகப் பெரிய நிறுவனங்கள் 2024 முதல் அவ்வளவு கொடுக்கின்றன. லண்டனில் அலுவலகம் வைத்திருக்கும் சில அமெரிக்க நிறுவனங்கள் அதற்கு மேலும் கொடுக்கின்றன. ஆனால் அந்தச் சம்பளத்தைப் பெறுகிறவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே தெரிவு செய்யப்பட்டு, அதே நிறுவனத்தில் இரண்டு ஆண்டு பயிற்சியை முடித்தவர்கள் என்பதைத் தங்கள் உறவினர் சொல்லவில்லை. ஈஸ்ட் ஹாம், ஹரோ பகுதிகளில் நம்மவர்கள் நடத்தும் குடிவரவு, வீட்டுக் கொள்வனவு அலுவலகங்களில் அதில் மூன்றிலொரு பங்கு கிடைத்தாலே நல்ல சம்பளம். மேலும், 150,000 பவுணில் வரியும் தேசியக் காப்புறுதியும் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 91,000 பவுண்தான்.

வேலை விசாவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அதற்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண். புதிதாகத் தொழிலில் சேர்பவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும், அனுமதி பெற்ற தொழில் வழங்குநர் ஒருவர் முதலில் பொறுப்பேற்க வேண்டும். சிறிய அலுவலகங்களில் பல இந்தச் செலவுக்கும் சிரமத்திற்கும் முன்வருவதில்லை.

கிளிநொச்சி வாசகர்:
மிக்க நன்றி. அவர் அங்கே வந்து மீண்டும் பயிற்சி பெற வேண்டுமா?

லண்டனிலிருந்து, வவுனியாவைச் சேர்ந்தவர்:
இங்கே சட்டத்தரணியாகத் (சொலிசிட்டராக) தகுதி பெற எழுத வேண்டியது 2021 இல் அறிமுகமான எஸ்.கியூ.ஈ. தேர்வு. அதில் இரண்டு பகுதிகள் உள்ளன. வேறு நாட்டில் சட்டத்தரணியாகத் தகுதி பெற்றவர் இரண்டு ஆண்டுப் பயிற்சியைக் காட்டத் தேவையில்லை, இது உங்கள் மருமகளுக்குச் சாதகமானது. போதிய தொழில் அனுபவம் இருந்தால் இரண்டாம் பகுதியிலிருந்து விலக்கும் கோரலாம். ஆகவே கிளிநொச்சியில் கனிஷ்டராக நிற்கும் காலம் வீண் என்று அக்கா எண்ண வேண்டாம். 2024 செப்டெம்பரில் இரு பகுதிகளுக்குமான கட்டணம் 4,790 பவுணாக இருந்தது, பின்னர் அதுவும் கூடிவிட்டது. முதற்பகுதியை வெளிநாட்டுத் தேர்வு நிலையங்களிலும் எழுதலாம் என்பதால், தேர்வுக்காகவே காணியை ஈடு வைத்து லண்டனில் வந்து குடியிருப்பது அவசரப்பட்ட செயல் என்பேன்.

டொரொண்டோவிலிருந்து ஒருவர்:
கனடாவில் முதலில் என்.சி.ஏ. என்னும் தேசிய மதிப்பீட்டுக் குழு அவருடைய படிப்பை மதிப்பிட்டு, எந்தப் பாடங்களில் தேர்வு எழுத வேண்டுமென்று கூறும். அதன்பின் ஒன்ராறியோவில் உரிமத் தேர்வுகளும் பணிப்பயிற்சியும் உண்டு. இங்கும் பெரிய சம்பளம் டொரொண்டோவின் நிதி மையமான பே வீதியிலுள்ள நிறுவனங்களில்தான் கிடைக்கிறது. ஸ்காபரோவில் சிறிய அலுவலகத்தில் தொடங்குகிறவரின் நிலை வேறு.

வவுனியாவில் தொழில் புரியும் சட்டத்தரணி:
மேலே கூறியவற்றோடு நான் உடன்படுகிறேன். ஓராண்டு, ஈராண்டு இங்கே நின்று வழக்குகளைத் தானே நடத்திப் பழகிவிட்டுப் போகிறவர், அங்கே நேர்முகத்தில் சொல்வதற்கு ஏதாவது வைத்திருப்பார். நம் பகுதியில் காணி வழக்குகளுக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று. வன்னியில் பல வயற்காணிகள் உறுதிக் காணிகள் (முழு உரிமைப் பத்திரம் உள்ளவை) அல்ல, குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரத்தின் கீழ் வழங்கப்பட்டவை. அப்படிப்பட்ட காணியைத் தனியாரிடம் விரும்பியபடி ஈடு வைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அக்காவின் காணி எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். அந்தப் பத்திரத்தைத் தங்கள் மருமகளே வாசித்துச் சொல்வார்.