போர்ட் ‘அப்’ என்று காட்டுகிறது, பெரிய கோப்பு மட்டும் போகவில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். எங்கள் கிளை அலுவலகத்தில் சிஸ்கோ ரவுட்டர் இருக்கிறது. இணைய நிறுவனத்தின் கருவியிலிருந்து வரும் கேபிள் அதன் ஃபாஸ்ட் ஈதர்நெட் 0/0 போர்ட்டில் சேர்கிறது. பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) சரியாகப் போகிறது. பெரிய கோப்பை அனுப்பினால் ஊர்ந்து ஊர்ந்து பாதியில் அறுந்துவிடுகிறது. கன்சோலில் ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்’ கொடுத்தால் ‘ஸ்டேட்டஸ்’, ‘புரோட்டோகால்’ இரண்டு இடத்திலும் ‘அப்’ (இயங்குகிறது). கேபிளையும் மாற்றிப் பார்த்தாயிற்று. மாதக் கணக்கு தலைமையகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வேறு எதைப் பார்ப்பது?

பதில் 1:
போர்ட் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டுமே அந்தக் கட்டளை சொல்லும். ‘ஷோ இன்டர்ஃபேசஸ்’ என்பதோடு போர்ட்டின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். அதில் இருக்கும் பிழை எண்கள் எப்போதோ சேர்ந்தவையாக இருக்கலாம். ஆகவே முதலில் ‘கிளியர் கவுன்ட்டர்ஸ்’ கொடுத்துவிட்டு, கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே மறுபடி பாருங்கள். வேகம் 5 நிமிடச் சராசரியாகக் காட்டும். போர்ட்டுக்கு ‘லோட்-இன்டர்வல் 30’ என்று அமைத்தால் 30 விநாடிச் சராசரி கிடைக்கும்.

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. ‘ஹாஃப்-டூப்ளெக்ஸ், 100’ என்று இருக்கிறது, அதாவது ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும், நொடிக்கு 100 மெகாபிட். கடைசி வரிகளில் ‘லேட் கொலிஷன்’ ஏறிக்கொண்டே போகிறது. கோப்பை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது. எங்கள் பக்கம் டூப்ளெக்ஸ் ‘ஆட்டோ’ (தானாகத் தேர்வது)தான்.

பதில் 2:
எதிர்முனையில் 100 ஃபுல் (ஒரே சமயத்தில் இரு திசையும்) என்று கையால் பூட்டியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அப்படிப் பூட்டிய முனை, வேகத்தையும் டூப்ளெக்ஸையும் இரு முனையும் பேசி முடிவுசெய்யும் பேரத்துக்கே பெரும்பாலும் வராது. ஆட்டோவில் இருக்கும் முனை சமிக்ஞையைப் பார்த்து வேகத்தைக் கண்டுகொள்ளும். டூப்ளெக்ஸை அறிய வழியில்லாததால் ஹாஃபுக்கு இறங்கிவிடும். அவர்கள் நினைத்தபோது அனுப்புவார்கள், உங்கள் ரவுட்டர் அதை மோதல் என்று எடுத்துக்கொண்டு பாதியில் நிறுத்தும். முதல் 64 பைட் போன பிறகு வரும் மோதல்தான் லேட் கொலிஷன். அதில் சிக்கியதை ஈதர்நெட் பொதுவாகத் திருப்பி அனுப்பாது, டிசிபி (தரவு முழுதாகச் சேர்வதைக் கவனிக்கும் மேல்நிலை நெறிமுறை) காத்திருந்து அனுப்ப வேண்டும். பிங் சின்னது, தனியாகப் போவதால் தப்பிவிடுகிறது. கோப்பு போகும்போதோ தரவு அங்கே, ஒப்புகை இங்கே என்று இரு திசையும் ஒரே சமயத்தில் ஓடுகிறது. எதிர்முனையில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை) ஏறியிருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஆட்டோ, இல்லையேல் இரு பக்கமும் 100 ஃபுல். ஒன்றை மட்டும் பூட்டவே கூடாது.

பதில் 1:
உங்கள் பக்கம் மாற்றுவதாக இருந்தால் இணைப்பு ஒருமுறை விழுந்து எழும். தொலைவிலிருந்து நுழைந்திருந்தால், அமைப்பைச் சேமிக்காமல் முதலில் ‘ரீலோட் இன் 10’ கொடுங்கள். வெளியே மாட்டிக்கொண்டாலும் 10 நிமிடத்தில் பழைய அமைப்போடு ரவுட்டர் எழுந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்துவிட்டுச் சேமியுங்கள்.

கேட்டவர்:
அவர்கள் பக்கம் பூட்டியிருந்ததை ஒப்புக்கொண்டு ஆட்டோவுக்கு மாற்றினார்கள். இப்போது ஃபுல்-டூப்ளெக்ஸ். கவுன்ட்டரை அழித்துவிட்டுக் கணக்கை அனுப்பினேன். முழுதாகப் போய்ச் சேர்ந்தது, லேட் கொலிஷன் 0. இருவருக்கும் மிக்க நன்றி. எஸ்என்எம்பி (கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் நெறிமுறை) மூலம் எடுக்கும் பிழை எண் மட்டும் பூஜ்ஜியமாகவில்லையே?

பதில் 2:
ஆகாது. ‘கிளியர் கவுன்ட்டர்ஸ்’ கன்சோலில் தெரியும் எண்ணை மட்டுமே அழிக்கும். அங்கே எண் மேலும் ஏறாமல் இருந்தால் போதும்.